காதொலிக் கருவியை எப்போது மாற்றுவது?

மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் இந்திய அரசின் 'அடிப்' திட்டத்தில் காதொலிக் கருவி பெற்ற ஒருவர், அதே தேவைக்கு மறுபடி விண்ணப்பிக்க மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஓராண்டு போதும். பிரான்சின் சமூகக் காப்பீடு 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுக் கருவிக்குப் பணம் தருகிறது. ஜப்பானின் அரசு உதவித் திட்டம் கருவியின் ஆயுளை 5 ஆண்டு என்று கணக்கிடுகிறது. ஜெர்மனியின் மருத்துவக் காப்பீட்டு நிதியங்கள் பெரியவர்களுக்கு 6 ஆண்டு என்கின்றன.

உலகச் சந்தையின் பெரும்பகுதி ஐந்து பெருநிறுவனங்களின் கையில் இருக்கிறது. ஆகவே பல நாடுகளில் மக்கள் காதில் இருப்பது ஏறக்குறைய ஒரே மாதிரியான கருவிதான். வயதாக ஆகக் கேட்கும் திறன் குறையும் விதமும் நாட்டுக்கு நாடு பெரிதாக மாறுவதில்லை. அப்படியிருக்க, மாற்ற வேண்டிய காலம் மட்டும் ஏன் இரண்டு மடங்கு வரை வேறுபடுகிறது? கருவியை எப்போது மாற்றுவது என்ற கேள்விக்கு நீண்ட காலமாகப் பல பதில்கள் தரப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறொரு இடத்திலிருந்து பிறந்தது. எங்கிருந்து பிறந்தது என்று பார்த்தால்தான் அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது தெரியும்.

ஆண்டுக் கணக்கு

"அஞ்சு வருஷம் ஆயிடுச்சா? அப்ப மாத்திடலாம்" என்பது கருவி விற்கும் இடங்களில் சாதாரணமாகக் கேட்கும் பேச்சு. கேட்பவருக்கு இது மருத்துவ ஆலோசனை போலவே ஒலிக்கும். உண்மையில் இந்த எண்ணிக்கைகள் பெரும்பாலும் நிதிநிலைக் கணக்கிலிருந்து வந்தவை. லட்சக்கணக்கானோருக்குக் கருவி வாங்கித் தரும் ஓர் அரசோ காப்பீட்டு நிதியமோ, அடுத்த ஆண்டுச் செலவை முன்கூட்டியே கணிக்க வேண்டும். அதற்கு ஒரு வரம்பு தேவை. அந்த வரம்பு நாளடைவில் கருவியின் 'ஆயுள்' என்று மக்கள் மனதில் பதிந்துவிட்டது.

ஆஸ்திரேலியா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கு அரசின் செவிநலச் சேவைத் திட்டத்தில் பயனாளிகளுக்கு வழங்கப்படும் வவுச்சர் முன்பு 3 ஆண்டு செல்லும். 2021 ஜூலை முதல் அது 5 ஆண்டாக்கப்பட்டது. கருவிகளின் உழைப்பு ஒரே நாளில் நீண்டுவிடவில்லை, மாறியது திட்டத்தின் விதி. அந்தத் திட்டத்திலேயே, வவுச்சர் புதுப்பிக்கப்பட்டாலும் புதுக் கருவி தானாகக் கைக்கு வராது. பழையது போதவில்லை என்பதற்கான சில அளவுகோல்கள் நிறைவேற வேண்டும். ஜெர்மனியிலும் மருத்துவக் காரணம் இருந்தால் 6 ஆண்டுக்கு முன்பே மாற்றலாம். ஆண்டுக் கணக்கை வகுத்தவர்களே அதை முழுமையாக நம்பவில்லை என்பதை இந்த விதிவிலக்குகள் காட்டுகின்றன.

பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை வேறு வழியில் போகிறது. கருவி நோயாளிக்கு இலவசக் கடனாகத் தரப்படுகிறது, சொத்து அரசுடையது. பேட்டரியும் பழுதுபார்ப்பும் இலவசம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காதைச் சோதித்து, கருவி பழுதானாலோ தேவைக்குப் போதாமல் போனாலோ மாற்றித் தருகிறார்கள். விற்றால்தான் வருமானம் என்ற நிலை இல்லாத இடத்தில் 'எப்போது மாற்றுவது' என்ற கேள்வியே வேறு தொனியில் கேட்கப்படுகிறது.

ஆண்டுக் கணக்கில் பயனே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. ஒரு மாதிரியின் உற்பத்தி நின்று சில ஆண்டுகளில் உதிரிப் பாகங்கள் கிடைப்பது அரிதாகிறது. கருவியை டியூன் செய்யும் மென்பொருளின் புதிய பதிப்புகள் மிகப் பழைய மாதிரிகளைக் கைவிடுவதும் உண்டு. உள்ளே பொருத்தப்பட்ட லித்தியம் அயான் பேட்டரி மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் தளர்ந்துவிடும். ஆகவே ஐந்தாம் ஆண்டு என்பது கருவியை ஒருமுறை நன்றாகச் சோதித்துப் பார்க்கச் சொல்லும் நினைவூட்டலாக இருக்கத் தகுதியுள்ளது. அதற்கு மேல் அந்த எண்ணுக்கு அதிகாரம் கிடையாது.

புதியதன் வரலாறு

'புதுக் கருவி வந்தால் பழையதை மாற்று' என்ற எண்ணம் இந்தத் துறையில் ஆழமாக வேரூன்றியதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. சில தாவல்கள் உண்மையிலேயே பெரியவை.

1920களில் வந்த வெற்றிடக் குழாய்க் கருவிகளுக்குத் தனித்தனியாக இரண்டு பேட்டரிகள் வேண்டும். அவற்றை உடையில் சுமந்துகொண்டு திரிய வேண்டும், அடிக்கடி மாற்றவும் வேண்டும். 1943-இல் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் 40 டாலருக்கு ஒரு கருவியை விற்கத் தொடங்கியபோது சந்தையே அதிர்ந்தது, ஏனெனில் மற்றவை அதைப்போல் பல மடங்கு விலை. பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. 1952 இறுதியில் சோனோடோன் நிறுவனம் வெளியிட்ட காதொலிக் கருவிதான் டிரான்சிஸ்டர் பொருத்தி மக்களிடம் விற்பனைக்கு வந்த முதல் பொருள். டிரான்சிஸ்டர் ரேடியோ அதற்குப் பிறகே வந்தது. அலெக்சாண்டர் கிரகாம் பெல் காது கேளாதோருக்காக உழைத்ததை நினைவுகூர்ந்து, கருவி செய்வோரிடம் டிரான்சிஸ்டர் உரிமத் தொகை வாங்குவதில்லை என்று அதைக் கண்டுபிடித்த பெல் ஆய்வகத் தரப்பு முடிவு செய்தது. பேட்டரிச் செலவு சரிந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளில் வெற்றிடக் குழாய்க் கருவிகள் சந்தையிலிருந்து ஏறக்குறைய மறைந்தன.

ஆனால் இதே கதையில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. தொடக்க கால டிரான்சிஸ்டர்கள் உடலின் சூட்டையும் வியர்வை ஈரத்தையும் தாங்கவில்லை. ஆவலோடு பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கியவர்களில் பலருக்குக் கருவி விரைவிலேயே பழுதானது. பாகத்தைக் காற்றுப் புகாமல் அடைக்கும் முறை வந்த பிறகே நிலைமை சீரானது. முதல் தலைமுறைப் புதுமையை உடனே வாங்குவதில் உள்ள இடர் அன்றே தெரிந்துவிட்டது.

அடுத்த பெரிய தாவல் 1996. அந்த ஆண்டு வைடெக்ஸ், ஓட்டிகான் ஆகிய இரண்டு டென்மார்க் நிறுவனங்களும் காதிலேயே அணியக்கூடிய முழு டிஜிட்டல் கருவிகளை வெளியிட்டன. 2000களில் 'கீச்' என்ற பின்னூட்ட ஒலியை அடக்கும் நுட்பம் முதிர்ந்தது. அதனால் காதை முழுக்க அடைக்காத மெல்லிய கருவிகள் சாத்தியமாயின. 2014 முதல் ஐபோனுடன் நேரடியாக இணையும் கருவிகள் வந்தன. இவை ஒவ்வொன்றும் அணிபவரின் அன்றாட வாழ்வைத் தொட்டவை. இவற்றுக்கு இடையே ஆண்டுதோறும் வந்த 'புதிய தலைமுறை' அறிவிப்புகளையும் இதே தட்டில் வைக்கலாமா என்பதுதான் கேள்வி.

காது மாறினால்

மருத்துவரும் செவிநல வல்லுநரும் இயல்பாகச் சொல்லும் பதில் இது: கேட்கும் திறன் மாறியிருந்தால் கருவியை மாற்று. கேட்க எளிமையாக இருக்கிறது. அளவுகளைப் பார்த்தால் சற்று வேறு படம் தெரிகிறது.

அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் முதியோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து சோதித்த ஆய்வு 2005-இல் வெளியானது. 60 வயதைக் கடந்தவர்களுக்குக் கேட்கும் திறன் சராசரியாக ஆண்டுக்கு 1 டெசிபல் குறைகிறது என்று அது கண்டது. கீழ்ச்சுருதியில் சற்றுக் குறைவாகவும் மேல்சுருதியில் சற்று அதிகமாகவும் இந்தச் சரிவு இருக்கும். அப்படியானால் ஐந்தாண்டில் 5 டெசிபல். இன்றைய டிஜிட்டல் கருவி எதுவாயினும் இந்த அளவு மாற்றத்தைத் தாங்கும் இடைவெளியுடன்தான் வருகிறது. தேவை புதிய ஆடியோகிராம் (செவித்திறன் வரைபடம்) ஒன்று, கணினியில் கருவியை இணைத்து மறு டியூனிங் ஒன்று. ஒலிவாங்கி மேலேயும் ஒலிபெருக்கி காதுக் குழலிலும் இருக்கும் வகையானால், 'ரிசீவர்' என்ற அந்தச் சிறு துண்டை மட்டும் கூடுதல் சக்தியுள்ளதாக மாற்றிக்கொள்ளலாம். சில நிமிட வேலை.

ஆக, வயது காரணமாக மெல்லக் குறையும் காதுக்கு, 'காது மாறிவிட்டது' என்பது மட்டுமே புதுக் கருவி வாங்கப் போதிய காரணம் ஆகாது. சராசரி எல்லோருக்கும் பொருந்தாது என்பதும் உண்மை. திடீர் செவியிழப்பு, மெனியர் நோய், காதைத் தாக்கும் மருந்துகள் என்று சிலருக்கு சில மாதங்களிலேயே பெரிய வீழ்ச்சி வரும். குழந்தைகளுக்குக் கணக்கே வேறு. காதுமடலும் குழலும் வளர வளர, காதின் அளவுக்குச் செய்த அச்சான மோல்டு பொருந்தாமல் போகும், கற்றல் தேவைகளும் ஆண்டுக்கு ஆண்டு கூடும்.

இந்தப் பதிலின் பெரிய பலவீனம் எதிர்முனையில் இருக்கிறது. செவித்திறன் மிகவும் குறைந்துபோன பிறகும், இன்னும் சக்தியுள்ள கருவி, அதைவிடச் சக்தியுள்ள கருவி என்று வாங்கிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. ஒரு கட்டத்துக்குப் பிறகு சத்தம் கூடுமே தவிரச் சொல் விளங்காது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டல்களை வகுக்கும் 'நைஸ்' அமைப்பு 2019-இல் திருத்திய வழிகாட்டலில், கருவியின் உதவியின்றி இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அலைவரிசைகளில் 80 டெசிபல் அல்லது அதற்கு மேல் இழப்பு இருந்து, கருவியால் போதிய பயன் கிடைக்காவிட்டால் உட்செவியில் அறுவை சிகிச்சை மூலம் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்டுக்குப் பரிசீலிக்கலாம் என்கிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இந்த அறுவை சிகிச்சையை ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தருகிறது. பெரியவர்களிடம் இப்படியொரு வழி இருப்பதையே பலர் சொல்வதில்லை. இவர்களுக்கு வேண்டியது அடுத்த கருவி அல்ல, அடுத்த மருத்துவ ஆலோசனை.

கருவியைக் கேட்டால்

எல்லாப் பதில்களிலும் நன்றாக அளந்து பார்க்கக்கூடியதும் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படுவதும் இதுதான். பழைய கருவி இன்னும் தன் வேலையைச் செய்கிறதா?

காதொலிக் கருவி பெரும்பாலும் ஒரே நாளில் சாவதில்லை. ஒலிவாங்கியின் சிறு துளையில் தூசி அடைகிறது. காதுக் குறும்பி ரிசீவரின் வாயை மூடுகிறது. மோல்டிலிருந்து கருவிக்குப் போகும் பிளாஸ்டிக் டியூப் மஞ்சளித்து, இறுகி, சுருங்குகிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும் என்பதே பலருக்குச் சொல்லப்படுவதில்லை. டியூபுக்குள் ஒரே ஒரு வியர்வைத் துளி தங்கினால் போதும், ஒலி அங்கேயே நின்றுவிடும். ஆண்டின் பெரும்பகுதி ஈரக்காற்று வீசும் சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்பும் வியர்வையும் பேட்டரித் தொடுமுனைகளை அரிக்கின்றன. அங்கு இரவில் கருவியை சிலிக்கா ஜெல் டப்பாவில் வைப்பது சிக்கனத்தின் முதல் படி.

இந்தச் சரிவு மெல்ல நடப்பதால் அணிபவருக்குத் தெரிவதில்லை. ஒலி கொஞ்சம் கொஞ்சமாக மங்கும்போது அவர் தன் காதைத்தான் நொந்துகொள்கிறார். வீட்டாரும் "காது இன்னும் மந்தமாயிடுச்சு" என்று முடிவு கட்டுகிறார்கள். சில ரூபாய் பெறுமான குறும்பி வடிகட்டியை மாற்றினால் தீரும் குறை, இப்படித்தான் பல ஆயிரம் ரூபாய்க் கொள்முதலில் முடிகிறது. நேர்மாறாகவும் நடக்கிறது: உண்மையிலேயே தேய்ந்துபோன கருவியோடு ஒரு முதியவர் பல ஆண்டுகள் ஒதுங்கி வாழ்ந்துவிடுகிறார். இரண்டுமே வருந்தத்தக்கவை. இரண்டையும் தவிர்க்க ஒரே வழி, அளப்பது.

அளக்கும் முறை புதிதல்ல. கருவியை ஒலி புகாத சோதனைப் பெட்டிக்குள் வைத்து, அதன் வாயை 2 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள 'கப்ளர்' என்ற உலோக அறையில் பொருத்துவார்கள். காதுக் குழலுக்குப் பதிலாக அந்த அறை. பெட்டி குறிப்பிட்ட ஒலிகளை எழுப்ப, கருவி அவற்றை எவ்வளவு பெருக்குகிறது, உச்சத்தில் எவ்வளவு சத்தம் தருகிறது, ஒலியை எவ்வளவு சிதைக்கிறது, தன் உள் இரைச்சல் எவ்வளவு, பேட்டரியை எவ்வளவு இழுக்கிறது என்று அளவுகள் திரையில் வரும். உற்பத்தியாளர் தந்த குறிப்பேட்டோடு அவற்றை ஒப்பிட வேண்டும். அமெரிக்கத் தரநிலைப்படி முழுப் பெருக்கத்தின் சராசரி, குறிப்பேட்டு அளவிலிருந்து 5 டெசிபலுக்கு மேல் விலகக்கூடாது. விலகியிருந்தால் பழுது. விலகாவிட்டால் கருவி நலமாக இருக்கிறது, குறை வேறெங்கோ.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. பல கருவிகளில் முன்னும் பின்னுமாக இரண்டு ஒலிவாங்கிகள் சேர்ந்துதான் எதிரில் பேசுபவரின் குரலைப் பிரித்தெடுக்கின்றன. ஈரத்தாலும் வயதாலும் ஒன்றின் உணர்திறன் ஓரிரு டெசிபல் விலகினாலே அந்தத் திறன் கெடுகிறது. சாதாரணச் சோதனையில் இது எப்போதும் வெளிப்படாது. மேலும், பெட்டிக்குள் நன்றாக வேலை செய்யும் கருவி குறிப்பிட்ட ஒருவரின் காதில் சரியான அளவைத் தருகிறதா என்பதற்கு, மெல்லிய குழாயைக் காதுக்குள் விட்டு அளக்கும் 'ரியல் இயர்' சோதனை தனியே வேண்டும். கருவி விற்கும் எல்லா இடங்களிலும் அது செய்யப்படுவதில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய முறையும் இருக்கிறது. செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்குப் பேச்சு கற்பித்த டேனியல் லிங் என்ற அறிஞர் ஆறு ஒலிகளைத் தேர்ந்தெடுத்தார்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். கீழ்ச்சுருதியிலிருந்து மேல்சுருதி வரை பேச்சொலியின் பரப்பு முழுவதும் இவற்றில் அடங்கும். ஒரு மீட்டர் தள்ளி, வாயை மறைத்துக்கொண்டு, சாதாரணக் குரலில் சொல்லிப் பார்க்கலாம். சென்ற மாதம் வரை 'ஸ்' கேட்டவருக்கு இப்போது கேட்கவில்லை என்றால், மேல்சுருதி எங்கோ தடைபடுகிறது என்று பொருள். அடைப்பா, ரிசீவரா, காதா என்பதைப் பிறகு வல்லுநர் பார்த்துக்கொள்வார்.

'புதியது' என்று சொன்னாலே

புதுக் கருவியை மாட்டிப் பார்த்தவர் "நல்லா கேக்குது" என்கிறார். அது போதிய சான்றா? மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பியர்ஸ் டாஸ், கெவின் மன்ரோ ஆகியோர் 2011-லும் 2013-லும் வெளியிட்ட ஆய்வுகள் இதற்கு நேரடியாகப் பதில் தேடின. பங்கேற்றவர்களிடம் இரண்டு கருவிகள் தரப்பட்டன. ஒன்று 'வழக்கமான கருவி' என்றும் மற்றது 'புதிய கருவி' என்றும் சொல்லப்பட்டது. உண்மையில் இரண்டும் ஒரே மாதிரி, ஒரே அமைப்பு. ஆனால் 'புதிய' கருவியின் ஒலித்தரத்துக்கு அவர்கள் அதிக மதிப்பெண் தந்தார்கள், பெரும்பாலோர் அதையே விரும்பினார்கள். இரைச்சலில் பேச்சைக் கண்டறியும் சோதனையில்கூட 'புதிய' கருவியுடன் சற்று மேலாகச் செய்தார்கள். அயோவா பல்கலைக்கழகத்தின் ரூத் பென்ட்லர் குழு 2003-இல் 'டிஜிட்டல்' என்ற பெயர்ச்சீட்டு மட்டுமே மதிப்பீட்டை மாற்றுவதைக் காட்டியிருந்தது.

இதனால் அணிபவர்கள் ஏமாறுகிறார்கள் என்று பொருளல்ல. எதிர்பார்ப்பு கேட்கும் முயற்சியைக் கூட்டுகிறது, அந்தப் பலன் உண்மையானது. ஆனால் அதற்காக ஒரு குடும்பம் கடன் வாங்க வேண்டுமா என்பது வேறு கேள்வி.

மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்தின் ராபின் காக்ஸ், ஜானி ஜான்சன், ஜிங்ஜிங் ஷூ ஆகியோர் 2014 முதல் வெளியிட்ட ஆய்வுகள் இன்னும் விரிவானவை. மிதமான செவியிழப்புள்ள முதியவர்கள், இரண்டு நிறுவனங்களின் அடிப்படைக் கருவியையும் உயர்விலைக் கருவியையும் தலா ஒரு மாதம் அணிந்தார்கள். எது எதென்று அவர்களுக்குத் தெரியாது. எல்லாக் கருவிகளும் நன்றாக உதவின. அடிப்படைக்கும் உயர்விலைக்கும் இடையே அன்றாட வாழ்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. 2019-இல் அயோவாவின் யூ-ஷியாங் வூ குழு, திசையறி ஒலிவாங்கியும் இரைச்சல் குறைப்பும் பயனுள்ளவையே என்றது. ஆனால் அவற்றின் உயர்விலை வடிவம் சாதாரண வடிவத்தைவிட நடைமுறையில் தெளிவாக மேல் என்று அதுவும் காட்டவில்லை.

இந்த ஆய்வுகளை வைத்து 'புதுக் கருவியே வீண்' என்று சொல்வோரும் அவசரப்படுகிறார்கள். மெம்ஃபிஸ் குழு ஒப்பிட்டது ஒரே காலத்தின் மலிவு மாதிரியையும் விலை மாதிரியையும். எட்டு வயதான கருவியையும் புதியதையும் அல்ல. பங்கேற்றவர்கள் கடுமையான செவியிழப்பு உள்ளவர்களும் அல்ல. நரம்பு வலையமைப்பைக் கொண்டு பேச்சையும் இரைச்சலையும் பிரிக்கும் கருவிகள் 2021-க்குப் பிறகுதான் பரவின. 2024-இல் அதற்கென்றே தனிச் சில்லு வைத்த கருவியை ஃபோனக் நிறுவனம் கொண்டுவந்தது. முந்தைய ஆய்வுகள் இவற்றைத் தொடவில்லை. இந்த ஆய்வுகளிலிருந்து துணிந்து சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது. மாற்றுவதென்று முடிவானால், அதே தலைமுறையின் அடிப்படை அல்லது நடுத்தர மாதிரியே பலருக்குப் போதும்.

அணிபவர் என்ன சொல்கிறார்?

கடைசியாக வந்து, இன்று செல்வாக்குப் பெற்றுவரும் பதில் இது: எந்த எண்ணும் முக்கியமல்ல, அவர் வாழ்க்கையில் எது முடியவில்லை என்று கேளுங்கள். ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹார்வி டில்லனும் கூட்டாளிகளும் 1997-இல் 'கோசி' என்ற படிவத்தை வெளியிட்டார்கள். அணிபவர் தனக்கு முக்கியமான ஐந்து சூழல்கள் வரை தானே சொல்ல வேண்டும். பேரனோடு தொலைபேசியில் பேசுவது, கோயிலில் சொற்பொழிவு கேட்பது, கடையில் வாடிக்கையாளர் சொல்லும் தொகையைச் சரியாகப் பிடிப்பது என்று எதுவாகவும் இருக்கலாம். கருவிக்குப் பிறகு ஒவ்வொன்றும் எவ்வளவு மேம்பட்டது என்று குறிக்கப்படும். சில ஆண்டுகள் கழித்து அதே படிவத்தை எடுத்துப் பார்த்தால், கருவி எங்கே தவறுகிறது என்பது தெரிந்துவிடும்.

இதன் பலம், தேவை மாறுவதையும் இது கணக்கில் கொள்கிறது என்பது. காது மாறாமலே வாழ்க்கை மாறலாம். வீட்டிலிருந்த ஒருவர் வேலைக்குப் போகலாம், அலுவலகக் கூட்டங்கள் காணொளிக்கு மாறலாம். அப்போது தொலைபேசியோடு நேரடியாக இணையும் வசதி ஆடம்பரம் அல்ல. எதிர்த் திசையிலும் எச்சரிக்கை வேண்டும்: அரங்கின் ஒலியைக் கம்பியின்றி நேரடியாகப் பெறும் 'டெலிகாயில்' வசதியை நம்பி அரங்குகளில் கேட்டுப் பழகியவர், அது இல்லாத புதிய சிறு மாதிரியை வாங்கிவிட்டால், இருந்த ஒன்றையும் இழப்பார்.

பலவீனம்? சொல்பவரின் மனநிலை, எதிர்பார்ப்பு எல்லாம் பதிலில் கலக்கும். மான்செஸ்டர் ஆய்வு காட்டியதும் அதைத்தான். மேலும், கருவியை அணியாமல் அலமாரியில் வைத்திருப்பவரிடம் இந்தக் கேள்விகள் பயன்படா. அணியாததற்கான காரணங்களைத் தொகுத்த மெக்கார்மக், ஃபோர்ட்னம் ஆகியோரின் 2013 ஆய்வில், பயன் போதவில்லை என்ற எண்ணமும் காதில் பொருந்தாத சங்கடமும் முன்னே நின்றன. பொருந்தாத மோல்டுக்கு மருந்து புதிய மோல்டுதான், புதிய கருவி அல்ல.

பணமும் பழுதும்

இந்த எல்லாப் பதில்களையும் வளைக்கும் சக்தி பணத்துக்கு உண்டு. 2015-இல் அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு, அங்கு ஒரு கருவியின் சராசரி விலை 2,363 டாலர் என்று கணக்கிட்டது. சோதனை, பொருத்துதல், பின்சேவை எல்லாம் சேர்த்து ஒரே விலையாக விற்கும் வழக்கத்தையும் அது விமர்சித்தது. சேவைக்குத் தனிக் கட்டணம் இல்லாத இடத்தில், பழையதைத் திருத்தித் தருவதில் விற்பவருக்கு ஆதாயம் இல்லை. புதியதை விற்பதில்தான் இருக்கிறது. சில விற்பனைச் சங்கிலிகள் தங்கள் கிளைகளில் மட்டுமே டியூன் செய்யும்படி கருவியைப் பூட்டி விற்பதும் இதே தர்க்கம்தான். 2022 அக்டோபர் முதல் அமெரிக்காவில் லேசான, மிதமான செவியிழப்புள்ள பெரியவர்கள் மருத்துவச் சீட்டின்றியே கருவி வாங்கலாம். விலை குறைந்தது நல்லதே. அதே வேளையில், கருவியை யார் எப்போது சோதிப்பது என்ற பொறுப்பு முழுக்க அணிபவர் தலையில் விழுந்திருக்கிறது.

இந்தியாவில் காதொலிக் கருவிக்கு ஜிஎஸ்டி இல்லை. கான்பூரின் அலிம்கோ போன்ற அரசு நிறுவனங்கள் 'அடிப்' வழியாகக் கருவிகளை வழங்குகின்றன. ஆனால் முகாமில் கருவியைக் கையில் கொடுப்பதோடு பல இடங்களில் வேலை முடிந்துவிடுகிறது. டியூப் மாற்ற, மறு டியூனிங் செய்ய, குறும்பி எடுக்க அருகில் ஆள் இல்லாவிட்டால் மூன்றாண்டு விதி வெறும் எண்தான். கருவியால் பயன்பெறக்கூடியோரில் 17 விழுக்காட்டினரே உலகில் அதை அணிகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கை சொல்கிறது. நல்ல நிலையில் உள்ள ஒரு கருவியைக் காரணமின்றி ஓரங்கட்டுவது இந்தப் பின்னணியில் சிறிய விஷயம் அல்ல.

இன்னும் தீராதவை

பழைய கருவியை நன்கு திருத்திக் கொடுத்த ஒரு குழுவையும் புதுக் கருவி கொடுத்த மற்றொரு குழுவையும் பல ஆண்டுகள் ஒப்பிடும் ஆய்வுகள் அரிது. ஆண்டுக் கணக்கின் நியாயத்தைச் சோதிக்க அதுவே நேரான வழி. பேட்டரியை வீட்டில் மாற்ற முடியாத சார்ஜ் கருவிகள் வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் எத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்கும் என்பது தனியே ஆராயப்பட வேண்டியது, ஏனெனில் பெரும்பாலான ஆய்வுகள் குளிர்நாடுகளிலிருந்து வருகின்றன. நரம்பு வலையமைப்புக் கருவிகள் ஆய்வகத்துக்கு வெளியே, கல்யாண மண்டபத்தின் நாதஸ்வரத்துக்கும் சாப்பாட்டுப் பந்தியின் கூச்சலுக்கும் நடுவே என்ன தருகின்றன என்பதும் அப்படியே. புது ஒலிக்குக் காதும் மூளையும் பழக எவ்வளவு காலம் எடுக்கும் என்பதில் ஸ்டூவர்ட் கேட்ஹவுஸ் 1989-இல் தொடங்கிவைத்த விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆகவே கடையில் பத்து நிமிடம் மாட்டிப் பார்த்து முடிவு செய்வதற்கு ஆதாரம் பலவீனமானது. பிரான்சில் சட்டப்படி குறைந்தது 30 நாள் சோதனைக் காலம் உண்டு. இங்கும் அதைக் கேட்டு வாங்கலாம்.

இப்போதுள்ள சான்றுகளின்படி நியாயமாகத் தோன்றும் வரிசை இது. முதலில் காதைச் சுத்தம் செய்து புதிய ஆடியோகிராம். அடுத்து வடிகட்டியும் டியூபும் மாற்றிய பிறகு சோதனைப் பெட்டியில் கருவியின் அளவு. அதன் பிறகு மறு டியூனிங் செய்து இரண்டு மூன்று வாரம் அணிந்து பார்த்தல். இவ்வளவுக்குப் பிறகும் தேவை நிறைவேறாவிட்டாலோ, பழுதுபார்க்க ஆகும் தொகை புதியதன் விலையில் பெரும்பங்கைத் தொட்டாலோ, உதிரிப் பாகமே கிடைக்காவிட்டாலோ மாற்றுவது சரி. அது மூன்றாம் ஆண்டிலும் வரலாம், ஒன்பதாம் ஆண்டிலும் வரலாம்.

சோதனைப் பெட்டியின் அச்சிட்ட அறிக்கையைக் கேட்டு வாங்கி, கருவி வாங்கிய நாளின் அறிக்கையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றினாலும், வேலை செய்யும் பழைய கருவியைக் குப்பையில் போட வேண்டாம். புதியது பழுதுக்குப் போகும் நாட்களில் அது கைகொடுக்கும்.